பொதியில் அடங்காதவை: ஒரு கட்டளையின் பெங்களூரு வரலாறு

பெங்களூரிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் அலுவலகங்கள் கொண்ட ஹசுரா நிறுவனம் 2018இல் கிட்க்யூப் என்றொரு சிறு கருவியைத் திறமூல மென்பொருளாக வெளியிட்டது. ஒருவர் தம் மடிக்கணினியில் எழுதிய வலைச்செயலியைப் பொதியாகக் கட்டி, தொலைவிலுள்ள சர்வர்களில் ஏற்றி, பிறர் பயன்படுத்தும்படி திறந்துவிடுவதே அதன் பணி. பயனர் தட்டச்சு செய்ய வேண்டியது ஒரே வரி: கிட் புஷ், அதன்பின் சேருமிடத்தின் பெயர், அதன்பின் கிளையின் பெயர்.

இந்த வரியின் இலக்கணம் சுவையானது. தமிழில் ஏவல் பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வரும். இங்கு அது இரண்டாம் இடத்தில் நிற்கிறது. முதலிடத்தில் இருப்பது கருவியின் பெயர். அதை எழுவாய் என்பதைவிட விளி என்பதே பொருந்தும். 'கிட்டே, தள்ளு' என்று ஒரு நிரலைப் பெயர் சொல்லி அழைத்து வேலை ஏவுகிறோம். ஆனால் விளிக்கப்படுவது ஒன்று, வேலை செய்பவை பல. தள்ளப்பட்ட நிரல், சர்வர் தொகுதிக்குள் காத்திருக்கும் கிட்க்யூபின் சேவையைச் சென்றடைகிறது. வந்தவரின் திறவுகோலை அது சரிபார்க்கிறது. கிட்டில் பொருத்தப்பட்ட கொக்கி ஒன்று விழித்தெழுந்து, டாக்கர்ஃபைல் என்னும் செய்முறைக் குறிப்பைப் படித்து, செயலியையும் அது இயங்கத் தேவையான கோப்புகளையும் சேர்த்து ஒரு பிம்பமாகக் கட்டுகிறது. பின்னர் குபர்நெட்டீஸ் என்னும் மேலாண்மை அமைப்பிடம் பழைய பிம்பத்துக்குப் பதில் புதியதை இயக்கும்படி சொல்கிறது. விளிக்கப்பட்ட கிட்டுக்கு இவற்றுள் பெரும்பாலானவை தெரியவே தெரியா.

இத்தகைய கருவிகளின் வரலாறு வழக்கமாகக் கலிபோர்னியாவில் தொடங்கிக் கலிபோர்னியாவிலேயே முடிகிறது. 2007இல் ஹெரோகு, 2013இல் டாக்கர், 2014இல் குபர்நெட்டீஸ் என்று மூன்று ஆண்டுகளைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்த வரிசையில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அது கட்டளைகளின் வரலாறு. பொதியின் வரலாறு வேறு. ஒரு நிரல், எழுதப்பட்ட இடத்திலிருந்து தனக்கே தெரியாமல் எவற்றையெல்லாம் எடுத்துக்கொள்கிறது? வேறோர் இடத்துக்குப் போகும்போது எவற்றை விட்டுவிட்டுப் போகிறது? பொதிகட்டும் கருவி ஒவ்வொன்றும் இக்கேள்விக்கு ஒரு விடை. விட்டுப்போனவற்றின் கணக்கை எடுத்துப் பார்த்தால் பெங்களூரு அடிக்கடி குறுக்கிடுகிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிவழி இணைப்பின் தொடக்ககால வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். 650 மெகாபைட் கொண்ட ஒரு குறுந்தட்டின் உள்ளடக்கத்தை அந்த வேகத்தில் இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறுபடாமல் 150 மணிநேரம் வேண்டும். அதாவது ஆறு நாளுக்கும் மேல். அன்றைய தொலைபேசிக் கம்பியில் ஆறு நிமிடம் அறுபடாமல் இருந்தாலே பெரிது என்பதை அக்காலத்தவர் சொல்வர். இந்நிலையில்தான் 1996இல் பிசி குவெஸ்ட் இதழ் லினக்ஸ் இயங்குதளத்தைக் குறுந்தட்டில் வைத்து வாசகர்களுக்கு அனுப்பியது. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் பெங்களூரில் வாழ்ந்த அதுல் சிட்னிஸ். 1989 முதலே சிக்ஸ் என்னும் தொலைபேசிவழி மின்பலகையை நடத்தி வந்தவர் அவர். மென்பொருளை 'வெளியிடுதல்' என்ற சொல் அன்று உருவகமாக இல்லை. அது அச்சகத்திலிருந்து வந்தது, அஞ்சலில் போனது, இதழோடு கடையில் தொங்கியது.

அந்தத் தட்டில் இருந்தது ஸ்லாக்வேர். அதன் பொதி மிக எளியது: கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கிய ஒரு மூட்டை, அவ்வளவே. நிறுவும் கட்டளை மூட்டையை அவிழ்த்து உரிய அடைவுகளில் வைக்கும். அந்த நிரலுக்கு வேறெந்த நிரலகம் தேவை என்பதை அது கேட்காது. பயனரே அறிந்திருக்க வேண்டும். டெபியனின் டிபிகேஜியும் ரெட் ஹாட்டின் ஆர்பிஎம்மும் பொதிக்குள் ஒரு சார்புப் பட்டியலை வைத்தன: 'எனக்கு இன்னது வேண்டும், இன்ன பதிப்பில் வேண்டும்.' ஆனால் பட்டியலைப் படித்துக் குறையைச் சுட்டிக்காட்ட மட்டுமே அவற்றால் இயன்றது. குறையை நிரப்ப அடுத்த பொதி, அதற்கு இன்னொன்று, அதற்கு முதலாவதின் வேறு பதிப்பு. தேவையானவற்றைத் தானே தேடி இறக்கும் ஏபிடி, 1999இல் டெபியன் 2.1 உடன் பரவலாயிற்று. அதற்கும் வேகமான இணைப்பு வேண்டும். இந்திய வாசகருக்கு அது நெடுங்காலம் குறுந்தட்டின் மூலமே எட்டியது. ஆகவே எதைத் தட்டில் சேர்ப்பது, எதை விடுவது என்று ஓர் இதழின் மேசையில் எடுக்கப்பட்ட முடிவே பல கல்லூரிகளில் எந்த மென்பொருள் இயங்கும் என்பதைத் தீர்மானித்தது. பதிப்பாசிரியர் என்ற சொல்லை இதைவிடப் பொருத்தமாகப் பயன்படுத்த வேறிடம் கிடைப்பது கடினம்.

2001இல் லினக்ஸ் பெங்களூரு என்ற மாநாடு தொடங்கியது, 2005இல் ஃபாஸ்.இன் எனப் பெயர் மாறி 2012 வரை நடந்தது. அங்கு நெடுநாள் ஒலித்த ஆதங்கம் ஒன்று உண்டு. இந்தியர்கள் திறமூலத்தைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பங்களிப்பதில்லை என்பதே அது. ஆதங்கத்தில் உண்மை இருந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் அதே நகரத்தில், மேடையேறிப் பேசும்படியான கவர்ச்சி ஏதுமற்ற ஒரு பங்களிப்பு நடந்துகொண்டிருந்தது. இக்கட்டுரையின் மையம் அதுதான்.

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் நினைவக மேலாண்மைக்கான அடைவில் மெம்கண்ட்ரோல் என்றொரு கோப்பு இருக்கிறது. அதன் தலைப்பில் ஐபிஎம் நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டுப் பதிப்புரிமைக் குறிப்பும், ஆசிரியராகப் பல்பீர் சிங் என்ற பெயரும் உள்ளன. அடுத்து ஓபன்விஇசட் திட்டத்தின் பாவெல் எமெல்யானோவின் பெயர். கெர்னலின் பணித்திட்டமிடல் கோப்பின் தலைப்பிலோ 2007 ஜூலை 1 என்ற நாளிட்டு, குழுவாரித் திட்டமிடலை மேம்படுத்தியவர் ஸ்ரீவத்ச வடகிரி என்ற குறிப்பு இருந்தது. சிங், வடகிரி இருவரும் அப்போது ஐபிஎம்மின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில், இந்தியப் பிரிவில், பணியாற்றியவர்கள்.

அவர்கள் தீர்க்க முயன்ற சிக்கல் இது. ஒரு பெரிய சர்வரில் பலருடைய நிரல்கள் ஒருங்கே ஓடுகின்றன. கோப்புகளைத் தனித்தனியே பிரித்து வைப்பது பழைய வித்தை. யுனிக்ஸில் 1979 முதலே அதற்கு வழி உண்டு. ஆனால் ஒரு நிரல் நினைவகத்தை அள்ளிக் குடித்தால் அண்டை நிரல் மூச்சுத் திணறும். பொதி எவ்வளவு நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தாலும் நினைவகம் அதில் வருவதில்லை, நுண்செயலியின் நேரமும் வருவதில்லை. அவை போய்ச்சேரும் இடத்தில் எல்லாருக்கும் பொதுவானவை. பொதுவானதை எப்படிப் பங்கிடுவது?

நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து அடையாளமிடும் அடிப்படைச் சட்டகத்தை 2006 முதல் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் உருவாக்கினர். முதலில் அதன் பெயர் 'கன்டெய்னர்'. கெர்னல் வட்டாரத்தில் அச்சொல் ஏற்கெனவே பல பொருளில் வழங்கியதால், குழப்பம் தவிர்க்க 'கண்ட்ரோல் குரூப்' என்று மாற்றினார்கள். தெளிவுக்காகக் கைவிடப்பட்ட அந்தச் சொல்தான் ஆறே ஆண்டுகளில் டாக்கரின் தோளேறி உலகெங்கும் பரவியது. சொற்கள் வல்லுநர்களின் தீர்ப்பைப் பொருட்படுத்துவதில்லை.

சட்டகம் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் சேர்ந்தது. நினைவகக் கட்டுப்பாடு அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 2.6.25இல் சேர்ந்தது. இடையில் பெரும் விவாதம் நடந்தது. 2007இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் பல்பீர் சிங்கும் வைத்தியநாதன் ஸ்ரீனிவாசனும் அளித்த கட்டுரை, இதன் இடர்ப்பாடுகளையும் வேகத்தின் மீதான விளைவுகளையும் ஆராய்ந்தது. நினைவகம் பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். ஒவ்வொரு பக்கமும் எந்தக் குழுவின் கணக்கில் சேரும் என்று குறித்து வைக்க வேண்டும். அப்படிக் குறித்து வைக்கவே நினைவகம் செலவாகும். நிரல் நேரடியாகக் கேட்டுப் பெற்ற பக்கங்களை மட்டும் எண்ணினால் போதுமா, வட்டிலிருந்து படித்த கோப்புகளுக்காகக் கெர்னல் ஒதுக்கிய பக்கங்களையும் எண்ண வேண்டுமா? எண்ணாவிட்டால் பெரிய கோப்புகளைப் படித்துக்கொண்டே இருக்கும் நிரல் வேலியைத் தாண்டிவிடும். ஆகவே இரண்டும் எண்ணப்பட்டன. வரம்பை எட்டிய குழு முதலில் தன் பக்கங்களையே விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவும் முடியாதபோது அக்குழுவுக்குள்ளேயே ஒரு நிரல் கொல்லப்படும். அண்டை வீட்டார் தப்பிப்பர்.

இரு குழுக்கள் ஒரே பக்கத்தைப் பகிர்ந்தால் என்ன செய்வது? ஏற்கப்பட்ட விதி எளிமையானது: முதலில் தொட்டவர் கணக்கில் எழுது. இது நியாயமான விதி அன்று. தேநீர்க் கடையில் முதலில் வந்து உட்கார்ந்தவரே எல்லாருக்கும் காசு கொடுக்கும் ஏற்பாடு போன்றது. ஆனால் நியாயமாகப் பங்கிட ஒவ்வொரு தொடுகையையும் எண்ண வேண்டும். அதன் செலவு தாங்காது. நியாயத்துக்கும் கணக்கெழுதும் செலவுக்கும் இடையிலான இந்தச் சமரசம், வெளியீட்டோடு வந்த ஆவணத்தில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. பொறியியலைச் சமூக அறிவியல் மாணவர் படிக்க வேண்டியது இத்தகைய வரிகளில்தான்.

ஐபிஎம் இதில் பணம் போட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே பெரிய இயந்திரத்தில் பல வாடிக்கையாளரின் வேலைகளைக் குவித்து ஓட்டுவது அந்நிறுவனத்தின் பழைய தொழில். அதை லினக்ஸிலும் செய்ய வேண்டியிருந்தது. பிற்காலத்தில் ஒரு மாணவர் தம் செயலியை ஒற்றைக் கட்டளையில் வெளியிடுவார் என்று யாரும் எண்ணி இதைச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் 2013 மார்ச்சில் கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடத்தில் டாக்கரை அறிமுகம் செய்தபோது, அது நின்ற தரை இதுதான். கோப்புகளை அடுக்குகளாகக் கட்டும் பிம்பம் டாக்கரின் பங்களிப்பு, வேலி கெர்னலுடையது. திமிங்கிலத்தை எல்லோருக்கும் தெரியும். மெம்கண்ட்ரோலின் தலைப்பைத் திறந்து பார்ப்பவர் சிலரே.

பொதி முழுமையடைந்ததாகத் தோன்றிய அந்த வேளையில் வேறொரு குறை தலைதூக்கியது. பொதி போய் இறங்க இடம் வேண்டும். ஹெரோகு அந்த இடத்தைத் தானே தந்தது. அதனால்தான் 'கிட் புஷ்' என்ற கட்டளை வெளியீட்டின் சடங்காகவே மாறியது. 2013இல் ஜெஃப் லிண்ட்சே எழுதிய டோக்கு, ஏறத்தாழ நூறு வரி பாஷ் நிரலில் அதே அனுபவத்தை எவருடைய சொந்தச் சர்வரிலும் தர முயன்றது. ஹசுராவும் இதே வழியில்தான் தொடங்கியது. 2017இல் சென்னை ஐஐடி வழியே என்பிடிஇஎல் நடத்திய நவீன செயலி உருவாக்க அறிமுகப் பாடத்தைப் பேராசிரியர் கௌரவ் ரெய்னாவும் ஹசுராவின் இணை நிறுவனர் தன்மய் கோபாலும் கற்பித்தனர். மாணவர்கள் எழுதிய செயலிகள் அந்நிறுவனத்தின் மேடையில் ஏறின. கடனட்டை இல்லாத பொறியியல் மாணவருக்குச் சர்வரை வாடகைக்கு எடுப்பது எவ்வளவு தொலைவான காரியம் என்பதை நினைத்தால், அங்கே கட்டளையைவிட இலவச இடமே பெரிய கொடை என்பது விளங்கும்.

கிட்க்யூப் அதற்கு மறுமுனையில் நிற்கிறது. அது இடம் தருவதில்லை. 'உமது குபர்நெட்டீஸ் தொகுதி எங்கிருந்தாலும் சரி, அதில் என்னை நிறுவும். பிறகு தள்ளும்' என்கிறது. சுதந்திரம் கூடியது, நுழைவுக் கட்டணமும் கூடியது. குபர்நெட்டீஸ் தொகுதியை வைத்திருப்பவர் மாணவராக இருப்பதரிது.

இதே காலத்தில் கெண்டன் வார்டா தொடங்கிய சாண்ட்ஸ்டார்ம் திட்டத்தில் எஸ்பிகே என்றொரு கட்டளைக் கருவி இருந்தது. அதன் முறை தனித்தன்மை வாய்ந்தது. செயலியை இயக்கிப் பார்க்கச் சொல்லும். இயங்கும்போது அது எந்தெந்தக் கோப்புகளைத் திறக்கிறது என்று மறைந்திருந்து கவனிக்கும். திறக்கப்பட்டவற்றை மட்டும் பட்டியலிட்டுப் பொதியில் சேர்க்கும். ஒரு மொழியின் இலக்கணத்தைப் பேச்சாளரிடம் கேட்டறியாமல், அவர் பேசுவதைக் கேட்டு எழுதும் களப்பணியாளரின் முறை இது. அதே குறையும் இதற்கு உண்டு: கவனித்த நேரத்தில் நிகழாதது பதிவில் இல்லாமல் போகும். 2017இல் அந்தக் குழுவினர் கிளவுட்ஃபிளேரில் சேர்ந்தனர். திட்டம் தன்னார்வலர் கைக்குப் போயிற்று.

2018 ஜூலையில் ஹசுரா தன் கிராஃப்கியூஎல் எஞ்சினைத் திறமூலமாக வெளியிட்டு முழுக்கவனத்தையும் அதன்மீது திருப்பியது. மேலோட்டமாகப் பார்த்தால் பொதிகட்டும் தொழிலைவிட்டு விலகியதுபோலத் தோன்றும். உண்மையில் அது பொதிக்கு வெளியே எஞ்சியிருந்த அடுத்த பொருளைப் பிடித்தது. செயலியின் பிம்பத்தில் தரவுத்தளம் இராது. எந்த அட்டவணைகள், எந்தப் பத்திகள், எதற்கும் எதற்கும் தொடர்பு, யார் எதைப் பார்க்கலாம் என்பவை எல்லாம் இயங்கும் தரவுத்தளத்துக்குள் மட்டுமே இருந்தன. ஹசுராவின் கட்டளைக் கருவி, அட்டவணை அமைப்பில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கோப்பாக எழுதி வைக்கிறது. அதைத் திரும்பப் பெறும் வழியையும் உடன் எழுதிவைக்க இடம் தருகிறது. அணுக்க உரிமைகள் தனிக் கோப்புகளாகின்றன. இவை கிட்டில் அடங்கும். வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் 'மைக்ரேட் அப்ளை' என்று ஏவினால் அதே அமைப்பு மீண்டும் எழும்.

எழுவது அமைப்பு மட்டுமே. அட்டவணைகளுக்குள் இருந்த பதிவுகள் வருவதில்லை. வரவும் கூடாது என்பது பொறியாளரின் நிலை. அது சரியான நிலைதான். பயனரின் தரவு நிரலோடு கலந்து ஊர்சுற்றக் கூடாது. ஆனால் பல்கலைக்கழகத் துறைகளில் கட்டப்படும் செயலிகளில் இந்தப் பிரிவினை தலைகீழாக வந்து தாக்குகிறது. வட்டார வழக்கு அகராதி, கல்வெட்டுத் தேடுபொறி, பேச்சு மாதிரித் தொகுப்பு போன்றவற்றில் நிரல் சில நூறு வரி. அதை ஒரு மாதத்தில் மறுபடி எழுதிவிடலாம். ஆண்டுக்கணக்கில் களத்தில் திரட்டியவை பதிவுகள். கட்டளை பத்திரமாகச் சுமந்து செல்வது அந்த நூறு வரியைத்தான்.

டாக்கரைப் பெற்ற டாட்கிளவுட் என்னும் வெளியீட்டு மேடை, கைமாறிப்போய் 2016 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது. ஹெரோகு தன் இலவசத் திட்டங்களை 2022 நவம்பர் 28 அன்று நிறுத்தியது; இலவசத் தரவுத்தளங்களும் அவற்றுள் அடக்கம். முன்னறிவிப்பு மூன்று மாதம். கிட்டில் நிரலை வைத்திருந்தவர்கள் சேருமிடத்தின் பெயரை மாற்றி வேறோர் இடத்துக்குத் தள்ளினார்கள். புதிய முகவரியில் செயலி ஓடத் தொடங்கியது. அந்த மூன்று மாதத்துக்குள் தரவுத்தளத்தைத் தனியே படியெடுத்து வைக்காதவருடைய தேடல் பெட்டியில் எந்தச் சொல்லை இட்டாலும் முடிவுகள் இல்லை என்றே வந்தது.